கிவியின் முட்டைகளுக்கு ஒரு பெட்டி

பிப்ரவரி 6, வியாழன்

பிரஷர் டாக்டர் தினமும் ஏதாவது எழுதச் சொன்னார். மனதில் இருப்பதை எழுதினால் தூக்கம் வருமாம். மனதில் ஒன்றும் இல்லை. அதனால் வீட்டில் நடப்பதை எழுதுகிறேன்.

வீடு சிங்காநல்லூரில். நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. எழுதினால் தப்பில்லை என்று நினைக்கிறேன். நாச்சிமுத்து. மோட்டார் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. ஓடாத பம்புக்குச் சிவப்பு ஸ்டிக்கர், ஓடுகிற பம்புக்குப் பச்சை. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

மொட்டை மாடியில் கூண்டுக்குள் ஓர் இகுவானா இருக்கிறது. பெரிய பச்சை ஓணான் என்று வைத்துக்கொள்ளலாம். கீரை தின்னும், வெயில் காயும், யாரையும் ஒன்றும் செய்யாது. பெயர் கிவி. எங்கள் மகள் சிந்துஜா வளர்த்தது. சிந்துஜா டிசம்பரில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டு துடியலூரில் குடியிருக்கிறாள். பையன் பெயர் இளம்பரிதி. அவள் ஆபீசிலேயே வேலை. வேறு சாதி. அன்றிலிருந்து அவள் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று இவர் சட்டம் போட்டிருக்கிறார். வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதனால் சட்டம் எனக்குத்தான்.

கிவிக்கும் ஒரு சட்டம் உண்டு. "அத வந்து எடுத்துட்டுப் போகச் சொல்லு. ஆனா அவ இந்தப் பக்கம் வரக்கூடாது." இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று நான் கேட்கவில்லை.

கிவி சில நாளாகச் சாப்பிடுவதில்லை. கூண்டுத் தரையைப் பிராண்டிக்கொண்டே இருக்கிறது. மத்தியானம் வெளியே விட்டேன். நேராகக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் போய் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தது. திட்டினேன். கேட்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

காலையில் தண்ணீர் விடப் போன இவர் மாடியிலிருந்து கூப்பிட்டார்.

"இந்தா, மேல வா. அது என்னமோ பண்ணி வெச்சிருக்குது."

தொட்டி மண்ணுக்குள் முட்டைகள். கோழி முட்டையில் பாதி அளவு, வெள்ளை, தொட்டால் தோல் மாதிரி மெத்தென்று இருக்கிறது. இருபத்து மூன்று என்று இவர் எண்ணினார். கிவி ஓரமாகப் படுத்திருந்தது. வயிறு ஒட்டிப்போய்ப் பழைய செருப்பு மாதிரி கிடந்தது.

அவர் குளிக்கப் போனதும் சிந்துஜாவுக்குப் போன் செய்தேன். நான் அவளோடு பேசுவது அவருக்குத் தெரியாது. தெரியாது என்று நாங்கள் இரண்டு பேரும் வைத்திருக்கிறோம்.

"அம்மா, தூக்கிப் போட்டுறாத. நவம்பர்ல மேஜர்கூட நாலு நாள் இருந்துச்சுல்ல" என்றாள்.

மேஜர் என்பது இளம்பரிதி வளர்க்கும் ஆண் இகுவானா. நவம்பரில் கரூரில் ஒரு கல்யாணத்துக்காக வீட்டைப் பூட்டிக்கொண்டு போனோம். கிவியை டாக்டரிடம் விட்டிருப்பதாக நான் இவரிடம் சொல்லியிருந்தேன். அந்த நாலு நாளைப் பற்றி இங்கே எழுத வேறொன்றும் இல்லை.

முட்டைகளை முப்பது டிகிரியில் வைக்க வேண்டுமாம். மூன்று மாதம் ஆகுமாம். திருப்பிப் போடக் கூடாதாம்.

இட்லி தின்னும்போது இவர் கேட்டார். "ஆண் இல்லாம எப்படி முட்டை வந்துச்சு?"

"பண்ணைக் கோழி போடறதில்லீங்களா?"

"அது பொரிக்காது."

"வெச்சுத்தான் பாப்பமே. சில சாதியில ஆணே வேண்டாமாமா."

சாதி என்ற வார்த்தை வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. டிசம்பரிலிருந்து எந்தப் பேச்சும் அந்த இடத்தில்தான் நிற்கிறது. நான் சட்னி ஊற்றினேன். கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "நல்லதா கெட்டதான்னு சோதிக்காம எதையும் ரிஜெக்ட் பண்ணக் கூடாது."

பிறகு பென்சில் எடுத்துக்கொண்டு மேலே போனார். ஒவ்வொரு முட்டையின் மேல்பக்கத்திலும் ஒரு புள்ளி வைத்தார். திருப்பிப் போடக் கூடாது என்று நான் இன்னும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. போனில் எங்கேயோ படித்திருக்கிறார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

செடிக்கடையில் வெர்மிகுலைட் வாங்கி வந்தார். நுரைக்கல் தூள் மாதிரி இருக்கிறது. ஈரம் பிடித்து வைக்குமாம். அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி முட்டைகளைப் பதித்தார். இனி அந்த டப்பாவை வைக்கச் சூடு தாங்கும் ஒரு பெட்டி வேண்டும்.

அடுக்களைக்குள் வந்து என் ஹாட் பாக்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதுல சப்பாத்தி வெப்பேனுங்க" என்றேன்.

"சும்மா சோதிக்கத்தான்."

வெந்நீர் ஊற்றி, தெர்மாமீட்டர் போட்டு மூடினார். சூடு நன்றாகவே நின்றது. ஆனால் உள்ளே இடமில்லை, காற்றுக்கும் வழியில்லை. "ஃபெயில்" என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டு தடவை கழுவினேன். முட்டை உள்ளே போகவில்லைதான். இருந்தாலும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

உக்கடம் மீன் மார்க்கெட்டிலிருந்து தெர்மாகோல் பெட்டி ஒன்று வந்தது. இந்த வீட்டுக்குள் மீன் சம்பந்தப்பட்ட பொருள் நுழைவது இதுவே முதல் தடவை. எலுமிச்சம்பழம், சோப்பு, ஆப்பசோடா என்று வரிசையாகப் போட்டுத் தேய்த்தார். வெயிலில் காயவைத்தார். எங்கிருந்தோ மூன்று பூனைகள் வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தன.

காந்திபுரத்தில் ஒரு தெர்மோஸ்டாட் வாங்கி, உள்ளே பல்பு மாட்டினார். சூடு குறைந்தால் பல்பு எரியும், ஏறினால் அணையும். நன்றாகத்தான் எரிந்தது. சாயங்காலம் கருகல் வாடை வந்தது. போய்ப் பார்த்தால் பல்புப் பக்கம் தெர்மாகோல் உருகி, உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. நல்லவேளையாக முட்டைகளை இன்னும் உள்ளே வைக்கவில்லை.

ஓட்டை வழியாக ஒரு பூனை எட்டிப் பார்த்தது. "ஃபெயில்" என்றார். பூனையையா பெட்டியையா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இவருடைய தம்பி தங்கவேலு சமையல் காண்ட்ராக்டர். கல்யாணத்துக்குச் சோறு கொண்டுபோக நீல நிறத்தில் பெரிய பெட்டிகள் வைத்திருக்கிறார். சுவர் இரண்டு அடுக்கு, நடுவில் பஞ்சு மாதிரி ஏதோ அடைத்தது. விடிகாலையில் இட்லியை அடுக்கினால் பந்தி முடியும்வரை ஆவி பறக்கும். கொக்கி உடைந்த ஒன்று சும்மா கிடக்கிறது என்று சொல்லி, அவரே வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

மாமனார் சீக்கிரம் போய்விட்டார். தங்கவேலுவை வளர்த்தது இவர்தான். முதல் சம்பளத்தில் அவருக்கு சைக்கிள் வாங்கித் தந்த கதையை இரண்டு பேருமே சொல்வார்கள். சைக்கிளின் நிறம் மட்டும் ஆளுக்கு ஒன்றாக இருக்கும்.

"எதுக்குண்ணா பெட்டி?"

"பல்லி முட்டை வெக்கோணும்."

தங்கவேலு சிரித்தார். இவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சோத்துப் பெட்டீண்ணா அது."

"கழுவித் தர்றேன்."

"அந்தக் கழுத விட்டுட்டுப் போனதுதான அது? அதுக்கு எதுக்குண்ணா நீ இத்தன பாடு படற?"

இவர் பெட்டியின் மூடியைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் காப்பி கொடுத்தேன். டிசம்பரில் இதே ஹாலில் உட்கார்ந்துதான், "அவ இந்த வாசப்படி மிதிச்சா நான் மிதிக்க மாட்டேன்" என்று தங்கவேலு சொன்னார். காப்பி நன்றாக இருப்பதாக இன்று சொன்னார்.

பிப்ரவரி 14, வெள்ளி

பெட்டி பாஸ்.

பிப்ரவரி 24, திங்கள்

இவர் லீவு போட்டிருந்தார். காரணம் சொல்லவில்லை. சாமி அறையில் ஜன்னலை அடைத்து, விளக்கை அணைத்து, முட்டை டப்பாவோடு உள்ளே போனார். செல்போன் டார்ச்சை முட்டைக்குப் பக்கத்தில் பிடித்தால் உள்ளே இருப்பது தெரியுமாம்.

மஞ்சளாகிச் சுருங்கிப்போன ஆறு முட்டைகளை முதலில் வெளியே கொடுத்தார். வாழை மரத்தடியில் புதைத்தேன். திரும்பி வந்தபோது உள்ளே சத்தமே இல்லை.

"இந்தா. இங்க வா."

முட்டை செம்பருத்தி நிறத்தில் ஒளிர்ந்தது. உள்ளே மயிரிழை மாதிரி சிவப்பு நரம்புகள். நடுவில் ஒரு புள்ளி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது துடித்தது. இவர் முகத்திலும் அந்தச் சிவப்பு விழுந்திருந்தது.

சிந்துஜா வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் எடுத்த இடத்தில் இவரை உள்ளே விடவில்லை. படத்தை மட்டும் கையில் கொடுத்தார்கள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆண் இல்லாம இப்பிடி வருமா?" என்று கேட்டார்.

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். பால் ஃப்ரிஜ்ஜில்தான் இருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

"வசந்தாமணி" என்றார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விஷயம் பெரிது.

"கரூர் கல்யாணத்துக்குப் போனப்ப இத எங்க விட்டிருந்தோம்?"

"டாக்டருகிட்டங்க."

"எந்த டாக்டரு?"

"துடியலூருங்க."

"துடியலூரு டாக்டருகிட்ட ஆண் இருந்துச்சா?"

"கேக்கலீங்க."

வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாப்பாட்டுக் கேரியரை எடுக்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

மூன்று நாளாகப் பேசவில்லை. தெர்மாமீட்டர் மட்டும் பார்க்கிறார். நான் வைத்ததைச் சாப்பிடுகிறார். இன்று உப்பு போட மறந்துவிட்டேன். அதற்கும் பேசவில்லை.

மார்ச் 1, சனி

காலையில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் வாசலில் கோலத்தை முடித்துவிட்டு வரும்வரை அப்படியே நின்றார். பிறகு திரும்பவும் சொருகினார்.

"பிளக் லூசா இருந்துச்சு" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

மார்ச் 12, புதன்

கிவிக்குப் பின்னங்கால் நடுங்கியது. எழுந்து நிற்க முயன்று விழுந்தது. சிந்துஜாவிடம் போனில் சொன்னேன். முட்டை போட்டதில் உடம்புச் சத்தெல்லாம் போயிருக்கும் என்றாள். பதினொரு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது.

டிசம்பருக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். கொஞ்சம் இளைத்திருக்கிறாள். தாலி போட்டிருக்கிறாள். வாசப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, மிதிக்கலாமா என்பது மாதிரி நின்றாள்.

"கிவி மேலதான் இருக்குது, வா" என்றேன்.

சிரிஞ்சில் கால்சியம் மருந்து எடுத்து, வாயைத் திறக்கவைத்துக் கொடுத்தாள். கிவி அவள் தோளில் ஏறிக் கழுத்தில் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. இத்தனை நாளில் எங்கள்மேல் அது ஏறியதே இல்லை.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே மூலைக்கொன்றாக மூன்று தெர்மாமீட்டர்.

"எதுக்கும்மா மூணு?"

"ஒண்ணு சொல்றத இன்னொண்ணு சொல்லுதான்னு பாக்கறாரு."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நான் கீழே போய் ரசம் வைத்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். உள்ளே ஈரம் போதவில்லை என்று சொல்லி, ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். சாப்பிட்டாள். ரசம் இரண்டு தடவை வாங்கினாள்.

மார்ச் 13, வியாழன்

"இந்தக் கிண்ணம் யாரு வெச்சது?"

"நாந்தானுங்க."

"நீயா இருந்தா எவர்சில்வர் வெச்சிருப்ப."

மூடியை மூடினார். கிண்ணத்தை எடுக்கவில்லை. சாயங்காலம் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ஈரம் இப்பத்தான் சரியா நிக்குது" என்றார். சிறிது நேரம் கழித்து, "பாதி வளந்ததுக்கு அப்பறம் சூட்டக் கொஞ்சம் கூட்டோணுமா, அப்பிடியே விடலாமான்னு தெரியல. தெரிஞ்சவங்கள யாராச்சும் கேட்டா நல்லது" என்றார்.

யாரைக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 22, சனி

சனிக்கிழமைகளில் இவருக்கு ஓவர்டைம் உண்டு. இன்று போகவில்லை. முதுகு வலியாம். முதுகு வலியோடு மாடிப்படியைக் கூட்டினார்.

சிந்துஜா வந்தாள். இருப்பார் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். வருவாள் என்று இவரிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் கதவோரம் உட்கார்ந்தேன்.

"முப்பதுலயே வெச்சிருக்கறேன்" என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

"அதுவே போதும்ப்பா. கூட்ட வேண்டாம்."

"கூடுனா?"

"உள்ளயே செத்துரும். இல்லாட்டி வாலு வளைஞ்சு வரும்."

"கொறஞ்சா?"

"லேட் ஆகும். அவ்வளவுதான். கொறஞ்சா சமாளிச்சுக்கும்ப்பா."

அதற்குப் பிறகு தெர்மோஸ்டாட்டைப் பற்றிப் பேசினார்கள். மூடியில் இன்னொரு துளை போடலாமா என்று பேசினார்கள். போடலாம் என்று முடிவானது. டிரில்லிங் மெஷினை இவர் பிடிக்க, மூடியை அவள் பிடித்தாள். முட்டைகளைப் பற்றித் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவள் கிளம்பும்போது மட்டும், "வண்டி செயின் சத்தம் போடுது, எண்ணெய் விடச் சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

எதிர் வீட்டு அம்மா பால்கனியில் துணி காயவைத்துக்கொண்டிருந்தார். நிறைய நேரம் காயவைத்தார்.

ஏப்ரல் 9, புதன்

வெயில் தாங்கவில்லை. இப்போது தொல்லை நேர்மாறு. பல்பு எரியாமலே பெட்டிக்குள் முப்பத்திரண்டு. வாங்கிய சூட்டை விடவே மாட்டேன் என்கிறது. இவர் மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் செய்து தெர்மாமீட்டரைப் பார்க்கச் சொல்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மத்தியானம் அவர் போன் செய்ததில்லை.

பெட்டியைக் கீழே சாமி அறைக்கு மாற்றினோம். வீட்டிலேயே குளிர்ந்த இடம் அதுதான். தினமும் சாமிக்கும் பெட்டிக்கும் சேர்த்துத்தான் விளக்கு காட்டுகிறேன். வேறு வழியில்லை, இடம் அப்படி.

ஏப்ரல் 24, வியாழன்

சாயங்காலம் தங்கவேலு வந்தார். உட்காரவில்லை.

"அண்ணா, பெட்டி வேணும்."

"மே மாசம் பத்துத் தேதிக்குத் தர்றனே."

"இப்ப வேணும்."

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அவ வந்து போறாளாமா. ஊரே சொல்லுது. நீ என்னண்ணா நெனச்சுட்டு இருக்கற? பதினெட்டாந்தேதி நம்ம மணிபாரதிக்குக் கல்யாணம். பொண்ணு ஊட்டுக்காரங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்? எங்கண்ணன் சேத்துக்கிட்டாருன்னு சொல்லட்டுமா?"

மணிபாரதி தங்கவேலுவின் ஒரே மகன். அவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் முதலில் கையில் வாங்கியது இவர்தான்.

"முட்டையப் பாக்க வருது" என்றார் இவர்.

"எதையோ பாக்க வர்றா. அவ வரக்கூடாதுன்னு நீ சொன்னா, பெட்டி இங்கயே இருக்கட்டும். நாளைக்கே பத்திரிகையோட வர்றேன். நீதான் முன்னால நின்னு கல்யாணத்த நடத்தோணும். அவ வருவான்னா பெட்டிய இப்பவே குடுத்துரு."

நான் அடுக்களை வாசலில் நின்றேன். குக்கர் விசில் அடித்தது. அணைக்கப் போகவில்லை.

இவர் எழுந்து சாமி அறைக்குள் போனார். முட்டை டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேஜைமேல் வைத்துத் துண்டு போட்டு மூடினார். திரும்பப் போய்ப் பல்பைக் கழற்றினார். ஒயரைச் சுருட்டினார். பெட்டியைப் பின்கட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் சோப்புப் போட்டுக் கழுவினார். மூடியின் இடுக்கெல்லாம் பிரஷ் விட்டுத் தேய்த்தார். போட்ட துளைகளை எம்-சீல் வைத்து அடைத்தார். ஈரம் போகத் துடைத்தார். அவ்வளவு நேரமும் தங்கவேலு ஹாலில் நின்றார். ஒரு தடவை வந்து, "அண்ணா, கழுவ வேண்டாம் விடுண்ணா" என்றார். இவர் காதில் வாங்கவில்லை.

வண்டியில் ஏற்றும்போது சொன்னார்: "கொக்கி ஒடஞ்சிருந்துச்சு. மாத்திட்டேன்."

தங்கவேலு கொஞ்ச நேரம் வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு போனார்.

குக்கரில் பருப்பு அடிபிடித்துவிட்டது.

இவர் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார். டப்பாவுக்குள் தெர்மாமீட்டரைச் சொருகிப் பார்த்தார். நானும் பார்த்தேன். வெயில் காலத்துச் சாயங்காலம். வெறும் மேஜைமேலேயே சரியாக முப்பது காட்டியது. பெட்டிக்கு அப்படி ஒன்றும் அவசரமில்லை. அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"அந்தப் பையன் நம்பர் இருக்குதா?"

என் போனில் 'கேஸ் ஏஜென்சி' என்ற பெயரில் இருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். பெயரைப் பார்த்தார். ஸ்பீக்கரில் போட்டார், அவருக்கு அப்படித்தான் பேசத் தெரியும்.

"ஹலோ. நான் நாச்சிமுத்து பேசறனுங்க. சிந்துஜாவோட அப்பா."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம்.

"சொல்லுங்க சார். சிந்து நல்லாருக்கா சார். குளிச்சுட்டு இருக்கா."

"சரிங்க. உங்ககிட்ட ஐஸ் பெட்டி மாதிரி எதாச்சும் இருக்குதுங்களா? செவுரு ரெண்டு அடுக்கா இருக்கோணும். மூடி இறுக்கமா இருக்கோணும்."

"இருக்கு சார். டூருக்குக் கொண்டுபோறது ஒண்ணு இருக்கு."

"எத்தன லிட்டருங்க?"

"பாக்கணும் சார். பாத்துச் சொல்லட்டுமா, எடுத்துட்டே வந்துறட்டுமா சார்?"

இவர் யோசித்தார். இவ்வளவு நேரம் யோசிக்கிற கேள்வியே இல்லை அது.

"எடுத்துட்டே வாங்க" என்றார்.

துடியலூரிலிருந்து சிங்காநல்லூருக்கு அந்த நேரத்தில் டிராஃபிக்கில் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்று தெரியவில்லை. சிந்துஜாவின் தலை ஈரமாகவே இருந்தது. அந்தப் பையன் சிவப்பு ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றான். ஒல்லி. கண்ணாடி போட்டிருக்கிறான். போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னப் பையனாகத் தெரிந்தான்.

இவர் கேட்டுக்குப் போனார். பெட்டியின் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து மூடினார். உள்ளே மூக்கை விட்டு மோந்து பார்த்தார். பெட்டி அந்தப் பையன் கையிலேயே இருந்தது. அவன் அசையாமல் நின்றான்.

"மூடி நல்லாப் புடிக்குது" என்றார்.

"ஆமாங்க சார்."

"உள்ள வாங்க. இப்பிடியே நின்னுட்டு இருந்தா முட்டையில சூடு போயிரும்."

வெளியே அனல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் உள்ளே வந்தோம். பருப்பு தீய்ந்ததால் நாலு பேருக்கும் ரவை உப்புமா கிண்டினேன். முதல் தடவையாக வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு உப்புமா. இதை என் அக்காவிடம் சொல்லப் போவதில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

பத்திரிகை வரவில்லை. வராது என்று தெரியும். சாயங்காலம்வரை இவர் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மே 8, வியாழன்

காலையில் விளக்கேற்றப் போனேன். ஒரு முட்டையில் கீறல். கீறல் வழியாக மூக்கு. மூக்குக்குப் பின்னால் ஒரு கண், என்னைப் பார்த்தது. தீப்பெட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

இவர் கம்பெனிக்குப் போன் செய்து வீட்டில் விசேஷம் என்று சொல்லி லீவு போட்டார். துடியலூரிலிருந்து இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். நாலு பேரும் சாமி அறையில் சப்பணமிட்டு உட்கார்ந்தோம். தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அதுகள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கின்றன. அவசரமே இல்லை. பழைய முட்டையில் என்ன சுகமோ, வெளியே வர யோசிக்கின்றன.

ஒன்று பாதி வந்து மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. இவர் கை நீட்டினார்.

"மாமா, கை வெக்காதீங்க. அதுவே வரும்" என்றான் இளம்பரிதி.

இவர் கையை எடுத்துக்கொண்டார். மாமா என்று சொன்னது சொன்னவனுக்கே அப்புறம்தான் உறைத்தது போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இவர் முட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் அது வெளியே வந்தது. பட்டாணிப் பச்சை. உடம்பைவிட வால் நீளம். வந்த வேகத்தில் இவருடைய மணிக்கட்டில் ஏறி நின்றது. இவர் மூச்சுக்கூட விடவில்லை.

"ஏப்பா, ஒண்ணும் பண்ணாதுப்பா" என்றாள் சிந்துஜா.

"எனக்குத் தெரியும். அது பயந்துக்கக் கூடாது" என்றார்.

சாயங்காலத்துக்குள் பதினாலு வந்தன. மூன்று வரவில்லை. இவர் அந்த மூன்றையும் பெட்டியிலேயே வைத்து மூடி, முப்பதில் விட்டார். இரண்டு நாள் பார்ப்போம் என்றார். எல்லோருக்கும் தெரியும்.

மே 18, ஞாயிறு

இன்று மணிபாரதி கல்யாணம். காலையில் எழுந்து பார்த்தால் இவர் குளித்து, முகம் மழித்து, பட்டுக்கரை வேட்டி கட்டி ஹாலில் உட்கார்ந்திருந்தார். முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை என்று எதிர் வீட்டு அம்மா சொல்லியிருந்தார். அவருக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. இவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழரை ஆனதும் மண்டபம் இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு உள்ளே போய் வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து, "பையக் குடு. மார்க்கெட்டுக்குப் போலாம்" என்றார்.

குஞ்சுகள் இப்போதுதான் தின்ன ஆரம்பித்திருக்கின்றன. இளங்கீரையைப் பொடியாக நறுக்கிப் போட வேண்டும். சிந்துஜாவும் இளம்பரிதியும் நேற்று சாயங்காலமே வந்துவிட்டார்கள். மாடியில் பெரிய கூண்டு ஒன்று கட்டுவதற்காக. நாங்கள் கிளம்பும்போது இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கீரைக்காரம்மா வழக்கமாக எங்களுக்கு ஒரு கட்டுதான் கொடுப்பார். இவர் அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை எல்லாவற்றிலும் எடுத்து அடுக்கினார். பழுத்த இலை இருக்கிறதா என்று ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, இத்தன கீரை எதுக்குங்க? ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குதுங்களா?"

பல்லிக்கு என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான்.

"ஆமாங்க" என்றார். "மகளும் மாப்பளையும் வந்திருக்கறாங்க."

கீரைக்காரம்மா ஒரு கொத்து கொத்தமல்லியைச் சும்மா எடுத்துப் பையில் போட்டார். இவர் அதையும் பிரித்துப் பார்த்தார்.